தண்ணி கடைசி

வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னால தினமும் காலையில ஒரு காரியம் செய்வேன். என் தம்பி பெயிண்ட் பிரஷ் கழுவுறதுக்காக மேசை மேல ஒரு கண்ணாடிக் கிளாஸ்ல தண்ணி வச்சிருப்பான். அதுல ஒரு சொட்டு பச்சைப் பெயிண்ட் விட்டுக் கலக்கிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். அவன் ஒட்டுற பொம்மைச் சண்டை டேங்குக்கு அடிக்கிற அழுக்குப் பச்சை. ஒரு சொட்டு போதும், தண்ணி பாசி பிடிச்ச மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் அதை வாயில வைக்க யாருக்கும் மனசு வராது.

முதல் நாளே கண்டுபிடிச்சுட்டான். “என்னக்கா, நான் என்ன நாயா? தொறந்து வச்சதுல எல்லாம் வாய வைக்க?”

“நாயா இருந்தா நம்பி விட்டுட்டுப் போவேன்”னு சொல்லிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அவனுக்கு ரெண்டு கிட்னியும் போயிருந்துச்சு. சக்கரை தின்னுடுச்சு. ரத்தம் கழுவுற மெஷின்லதான் உயிர் ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டத்தோ கிராமாட் பக்கம் இருந்த சென்டருக்குப் போய் அரை நாள் கையை நீட்டிப் படுத்துட்டு வருவான். இந்த வியாதிக்காரங்களுக்குத் தண்ணிதான் எமன். உள்ள போறது வெளிய வராது. அதனால ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல், அவ்வளவுதான். மாத்திரை போட, சோத்துக்கு நடுவுல விக்கல் வந்தா நனைக்க, எல்லாத்துக்கும் அதுதான். பினாங்கு வெயிலுக்கு அது தொண்டையில இறங்கிச்சா, ஆவியாப் போச்சான்னே தெரியாது.

ஒரு தீபாவளிக்கு அவன் கூட்டாளிங்க வீட்டுக்கெல்லாம் ஒரு சுத்து போயிட்டு வந்தான். போற வீட்டுல எல்லாம் தட்டுல கிளாஸ் வரும், வேணாம்னு சொன்னா மூஞ்சி சுருங்கும். இவன் வேணாம்னு சொல்லவே இல்ல. சாயந்திரம் கட்டில்ல உக்காந்தபடியே மூச்சு இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. படுக்க முடியல, எந்திரிக்க முடியல. ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள உதடு நாவப்பழக் கலருக்குப் போயிடுச்சு. நெஞ்சுல தண்ணி ஏறிடுச்சுன்னு டாக்டர் சொன்னார். ஆயர் ஈத்தாம்ல, மலை அடிவாரத்து ஃபிளாட்ல, அத்தனை மாடி உசரத்துல, காஞ்ச மெத்தை மேல உக்காந்துகிட்டே ஒரு மனுசன் தண்ணில முங்க முடியும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

குழாயைப் பூட்ட முடியாது, கைக்கெட்டுற கிளாஸையாவது கெடுக்கலாம். அதனால பச்சைப் பெயிண்ட் விட்டது தப்புன்னு எந்தக் கோயில்ல நிக்க வச்சுக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என் கிட்னியைக் குடுக்கிறேன்னு போய் நின்னேன். எல்லா டெஸ்டும் எடுத்துட்டு மேட்ச் ஆகலன்னுட்டாங்க. மூக்கு ஒண்ணு, முன்கோபம் ஒண்ணு, பேசுற பேச்சு ஒண்ணு. கிட்னி மட்டும் வேறயாம். சரியாப் பாத்தீங்களான்னு டாக்டர்கிட்ட சத்தம் போட்டேன். தம்பிதான் என் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தான். “விடுக்கா, உன் கிட்னியை வச்சா அதுவும் சேர்ந்து என்னைத் திட்டும் லா”ன்னு சொல்லிச் சிரிச்சான்.

அவனுக்கு நான், எனக்கு அவன், அவ்வளவுதான். நான் கல்யாணம் பண்ணிக்கல. அவன் பண்ணிக்கிட்டான், அது நிலைக்கல. அப்பா அம்மா போனப்புறம் அந்த ஃபிளாட்ல நானும் அவனும்தான்.

எங்க ஊர்ப் பேச்சுல ஒரு விசயம் இருக்கு. தேன்னு நாங்க சொல்ற டீ, கோப்பி, சிரப், ஜாதிக்காய் ஜூஸ் எல்லாத்துக்கும் நாங்க வச்ச ஒரே பேரு தண்ணி. வீட்டுக்கு யார் வந்தாலும் உக்கார வச்ச உடனே கேக்குறது, “என்ன தண்ணி கலக்கட்டும்?” வந்தவங்க வேணாம் வேணாம்னு சொல்லணும், நாம அதைக் காதுல வாங்காம அடுப்படிக்குப் போயிடணும். தண்ணி கலக்காத வீடுன்னா அது வீடே இல்ல.

நான் அதை நிறுத்திட்டேன். தம்பி நாக்கு வறண்டு உக்காந்திருக்க, அவன் முன்னால ஐஸ் கட்டி கிணுகிணுக்க ஒருத்தர் சிரப் குடிக்கிறதை என்னால பாக்க முடியல. யார் வந்தாலும் பேசி அனுப்பிடுவேன். ஒருதடவை சித்தப்பா கூலிம்ல இருந்து அந்த வெயில்ல வண்டி ஓட்டிக்கிட்டு வந்தார். வந்து ரொம்ப நேரம் உக்காந்தார். அடுப்படியைப் பாத்தார். என்னைப் பாத்தார். நான் அசையல. கடைசியில எந்திரிச்சு, “சரிம்மா, அண்ணன் இருந்தப்ப இந்த வீட்டுல இப்படி இல்ல”ன்னு சொல்லிட்டுப் போனார். அப்புறம் அவர் வரவே இல்ல. போன் அடிச்சாலும் சித்திதான் எடுப்பாங்க. ஒரு கிளாஸ் தண்ணிக்கு அந்த மனுசன் அவ்வளவு ரோசப்பட்டார். காரணத்தைச் சொல்லியிருக்கலாம்தான். தம்பி பக்கத்துல உக்காந்திருக்கும்போது எப்படிச் சொல்றது?

நான் குடிக்கணும்னா அடுப்படியில, ஃப்ரிட்ஜ் கதவுக்குப் பின்னால ஒளிஞ்சு நின்னு குடிப்பேன். தே போட்டா கரண்டி சத்தம் வராமக் கலக்குவேன். வெளியில இருந்து குரல் வரும். “அக்கா, ஃப்ரிட்ஜ் கதவு அழுவுது. எண்ணெய் போடு.” எல்லாம் தெரியும் அந்தப் படுபாவிக்கு.

இனி அவன் மேசைக்கு வர்றேன்.

கடலுக்கு அந்தக் கரையில, பிறையில கண்டெய்னர் லோரி ஓட்டிக்கிட்டிருந்தவன் அவன். உடம்பு விழுந்ததும் லைசன்ஸ் இருந்தும் வண்டி இல்ல. வீட்டுல சும்மா உக்காந்தவன் ஒரு நாள் ஒரு பெட்டியோட வந்தான். மேல டேங்க் படம். உள்ள பூராவும் பிளாஸ்டிக் துண்டுங்க. அதை ஒவ்வொண்ணா வெட்டி, தேச்சு, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, உள்ளங்கையில அடங்குற மாதிரி ஒரு டேங்க் பண்ணிட்டான். நான் பொம்மைன்னேன். “பொம்மை இல்லக்கா, மாடல்”னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டான். அடுத்து இன்னொரு டேங்க். அடுத்து சோல்ஜர்ங்க, என் சுண்டு விரல்ல முக்கால்வாசி உயரம். அப்புறம் தனித்தனியா நிக்கக் கூடாது, ஒரு இடத்துல நிக்கணும்னுட்டான். இடம், மண்ணு, மரம், மனுசங்க எல்லாம் சேர்ந்த ஒரு காட்சி. அதுக்குப் பேரு டியோராமா. நான் அதை ‘செட்டு’ன்னுதான் சொல்வேன், சண்டைக்கு வருவான்.

அவன் நெனச்ச காட்சி இது. ஜப்பான்காரன் சண்டை காலத்துல ஒரு ரப்பர் எஸ்டேட் செம்மண் ரோடு. குறுக்க ஓர் ஓடை. ஓடை மேல போட்டிருந்த பலகைப் பாலம் ஒடைஞ்சு, ஜப்பான்காரன் டேங்க் ஒண்ணு தலைகுப்புற ஓடைக்குள்ள சாஞ்சு கெடக்கு. பின்னால வந்த இன்னொண்ணு கரையிலயே நின்னுபோச்சு. ரெண்டுலயும் ஆள் இல்ல. இந்தியாவுல இருந்து வெள்ளைக்காரன் கூட்டிட்டு வந்த சிப்பாய்ங்க நாலஞ்சு பேர் ஓடைக்கரையில இருக்காங்க. யாரும் சுடல. ஒருத்தன் முகம் கழுவுறான். ஒருத்தன் போத்தல்ல தண்ணி ரொப்புறான். ஒருத்தன் அண்ணாந்து குடிக்கிறான்.

“என்னடா, சண்டைன்னு சொல்லிட்டு எல்லாரும் குளிச்சுக்கிட்டு இருக்கானுங்க?”ன்னேன்.

“காலையில இருந்து நடந்து வந்திருக்கானுங்கக்கா. தாகம் எடுக்காதா?”

நான் குனிஞ்சு கீழ சிந்தின பிளாஸ்டிக் துண்டைப் பொறுக்க ஆரம்பிச்சேன்.

விரல் நுனியெல்லாம் அவனுக்கு மரத்துப்போயிருந்துச்சு. சக்கரையும் கிட்னியும் சேர்ந்து நரம்பையும் ஒரு கை பாத்துடுச்சு. டேங்க் சக்கரத்தைச் சுத்தி வர்ற சங்கிலி, ஒவ்வொரு கண்ணியும் எறும்பு தலை அளவு. அதை டுவீசர்ல பிடிக்கப் போனா கீழ போட்டுடுவான். அப்புறம் ரெண்டு பேரும் தரையில தவழ்ந்து தேடணும். நான் ஃபேக்டரியில நாள் பூரா மைக்ராஸ்கோப்புக்குக் கீழ சர்க்யூட் போர்டு செக் பண்றவ. “தள்ளு அங்கிட்டு”ன்னு சொல்லி நான் உக்காந்தேன். அப்படித்தான் இந்தப் பைத்தியம் எனக்கும் தொத்திக்கிச்சு. அவன் பக்கத்துல உக்காந்து கட்டளை போடுவான், நான் ஒட்டுவேன். சின்ன வயசுல இருந்து நான்தான் அவனை மேய்ச்சேன். அந்த மேசையில மட்டும் அவன் மேய்ப்பான்.

செம்மண் வேணும்னான். ஃபிளாட்டுக்குப் பின்னால மலைச்சரிவுல வெட்டிப் போட்டிருந்த இடத்துல இருந்து பையில அள்ளிக்கிட்டு வந்தேன். பூச்சி இருக்கும், வறுக்கணும்னான். சாம்பார்ப் பொடிக்கு மல்லி வறுக்கிற சட்டியில மண்ணை வறுத்த ஒரே பொம்பளை இந்தத் தீவுல நானாத்தான் இருப்பேன். ரப்பர் மரத்துக்குக் கீழ சருகு வேணும்னான். அதுக்கு அவன் கேட்டதுதான் என்னைச் சுட்டுச்சு.

“குடிச்ச தேத்தூள் சக்கை இருந்தா காய வச்சுக் குடுக்கா. அசல் சருகு மாதிரியே இருக்கும்.”

“எந்தத் தேத்தூள்? யார் இங்க தே குடிக்கிறா?”

“அக்கா”ன்னான். சிரிச்சான்.

அடுப்படிக்குப் போய் அழுதுட்டு வந்து, குப்பையில இருந்த சக்கையை எடுத்துத் தட்டுல பரப்பிக் காய வச்சேன். இன்னிக்கும் அந்த செட்டுல மரத்தடியில கிடக்கிற சருகு பூரா நான் ஒளிஞ்சு குடிச்ச தேதான்.

சிப்பாய்ங்களுக்குத் தோல் கலர் அடிக்கும்போது இன்னொரு கூத்து. கடையில ‘தோல்’னு பேர் போட்டு விக்கிற பெயிண்டெல்லாம் வெள்ளைக்காரன் தோலு. நம்ம தோலுக்கு டப்பா கிடையாது. தம்பி கையை மேசை மேல நீட்டச் சொல்லி, அதைப் பாத்துப் பாத்து நான் பழுப்பையும் சிவப்பையும் கலந்தேன். எல்லாருக்கும் அதே கலரு. கொஞ்ச மாசம் கழிச்சு அவன் கை சாம்பல் பூத்து, கறுத்துப்போச்சு. சிப்பாய்ங்க மட்டும் பழைய தம்பி கலர்ல இருந்தானுங்க.

எல்லாம் ஒண்ணொண்ணா ஒட்டி முடிஞ்சுச்சு. டேங்க் சாஞ்சுது, பாலம் ஒடைஞ்சுது, மரம் வரிசையா நின்னுச்சு. ஓடை மட்டும் காஞ்சு கெடந்துச்சு. ஒவ்வொரு நாளும் அந்தக் காஞ்ச குழியைப் பாக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். முகம் கழுவுறவன் வெறும் மண்ணை அள்ளுறான். போத்தல் ரொப்புறவன் வெறும் கல்லுல போத்தலை வச்சிருக்கான்.

“தண்ணியை ஊத்தித் தொலையேன்டா, பாக்கச் சகிக்கல”ன்னு ஒரு நாள் கத்தினேன்.

“தண்ணி கடைசி”ன்னான்.

அந்த வேலையோட முறை அது. ஓடைத் தண்ணின்னு ஊத்துறது ரெசின். ரெண்டு போத்தல்ல வரும். ரெண்டையும் சரிக்குச் சரி கலந்து ஊத்தினா கண்ணாடி மாதிரி இறுகிடும். இறுகினதுக்கப்புறம் எதையும் நகத்த முடியாது, எதையும் திருத்த முடியாது. அதனால எல்லா வேலையும் முடிஞ்சப்புறம், இனிமே தொடுறதுக்கு ஒண்ணுமே இல்லங்கிறப்பத்தான் தண்ணி. அதையும் ஒரேயடியா ஊத்தக் கூடாது. மெல்லிசா ஒரு தடவை, காஞ்சப்புறம் இன்னொரு தடவை. மொத்தமா ஊத்தினா சூடேறி வெடிச்சுடும்.

“கொஞ்சம் கொஞ்சமா, நனையிற அளவுக்கு”ன்னு விளக்கினான். அப்புறம் என்னைப் பாத்து, “உனக்குச் சொல்லித் தரணுமா, என்ன?”ன்னான். மாத்திரைக்குத் தண்ணி ஊத்தும்போது நான் சொல்றது அது. என் குரல்லயே சொல்லிக் காட்டினான், கடங்காரன்.

தண்ணிக்கு முன்னால பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. அண்ணாந்து குடிக்கிற சிப்பாய். பெட்டியில வந்த பொம்மை அண்ணாந்து பாக்குறவன்தான், குடிக்கிறவன் இல்ல. தம்பி அவன் கழுத்தை அறுத்து, பின்னால சாய்ச்சு, இடுக்குல பட்டிங்கிற மாவுப் பசையை வச்சு அடைச்சு, புதுசாத் தொண்டை செதுக்க ஆரம்பிச்சான். அதை மட்டும் என்னைத் தொட விடல. மரத்துப்போன விரலால தானே செய்வேன்னு பிடிவாதம். செதுக்குவான், பாப்பான், சரியில்லன்னு சுரண்டிப் போடுவான். மறுபடி பட்டி வைப்பான். வாரக்கணக்குல இது நடந்துச்சு.

“என்னதான்டா கொறைச்சல் அவனுக்கு?”

“வாயைத் தொறந்து வச்சிருக்கான்க்கா, அவ்வளவுதான். தண்ணி உள்ள எறங்கல.”

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். மெஷினுக்குப் போகாத நாள். வெயில்ல சன்னல் கம்பி சுட்டுச்சு. நான் சோத்துத் தட்டைக் கழுவிட்டு வந்தேன். தம்பி கையில அந்த சிப்பாயை வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, எனக்கு ஒரு உதவி செய்யி. ஒரு பெரிய கிளாஸ்ல தண்ணி எடுத்துட்டு வா. என் முன்னால உக்காந்து குடி.”

எனக்குப் புரியல. புரிஞ்சதும் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு. “பைத்தியமாடா உனக்கு? கண்ணாடியில நீயே அண்ணாந்து பாரு!”

“வெறும் வாயில முழுங்கினா அப்படித் தெரியலக்கா. பாத்துட்டேன். நெசமாக் குடிக்கிறவங்களைப் பாக்கணும். நான்தான் மறந்துட்டேன்ல.”

மாட்டேன்னேன். கெஞ்சினான். என் தம்பி யார்கிட்டயும் கெஞ்சி நான் பாத்ததில்ல, பொண்டாட்டி போறேன்னு நின்னப்பகூட அவன் கெஞ்சல. நான் போய்க் கிளாஸ்ல தண்ணி பிடிச்சேன். “ஐஸ் போடு”ன்னான். போட்டேன். அவன் முன்னால நாக்காலி இழுத்துப் போட்டு உக்காந்து, அண்ணாந்து குடிச்சேன்.

எத்தனை வருசமா ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிச்சவ நான். அன்னிக்கு அவன் கண்ணுக்கு முன்னால ஒவ்வொரு வாயா இறக்கினேன். தொண்டை இறங்கி ஏறுது. அவன் என் கழுத்தையே பாக்குறான். ஓரக்கண்ணால நான் அவனைப் பாத்தேன். நான் முழுங்கும்போதெல்லாம் அவன் தொண்டையும் சேர்ந்து இறங்கி ஏறிச்சு. வாயில ஒண்ணும் இல்ல. ஆனா அவனும் குடிச்சான்.

பாதியில நிறுத்தினேன். “முழுசாக் குடிக்கா, ப்ளீஸ்”னான். முழுசாக் குடிச்சேன். விசம் குடிச்சாக்கூட அவ்வளவு கஷ்டமா இருந்திருக்காது.

அன்னிக்கே அந்தக் கழுத்தை முடிச்சுட்டான். என் சுண்டு விரல் நகத்துக்குள்ள அடங்குற தொண்டை அது. ஆனா பாத்தா தெரியும், அதுல தண்ணி இறங்குது. போத்தலை உதட்டோட ஒட்டினான். சாய்ச்சு, நேராப் பாத்து, “இப்பக் குடிக்கிறான் பாரு”ன்னான். அவ்வளவு சந்தோசமா அவனை நான் ரொம்ப நாளாப் பாத்ததில்ல.

“இனிமே ஓடைதான். என் கை நடுங்கும். அக்கா, நீதான் தண்ணி கலக்கணும்.” சொல்லிட்டு அவனே சிரிச்சான், வார்த்தை அப்படி வந்து விழுந்ததுல. “இந்த வீட்டுல தண்ணி கலக்கி எத்தனை நாளாச்சு!” அப்புறம் இன்னொண்ணும் சொன்னான். “கலக்கும்போது ஒரு சொட்டு பச்சைப் பெயிண்ட் விடணும். அப்பத்தான் ஓடைத் தண்ணி மாதிரி இருக்கும். அது உனக்குக் கைவந்த கலையாச்சே.”

முதுகுல ஒண்ணு வச்சேன். அடுத்த ஞாயித்துக்கிழமை கலக்கலாம்னு பேசிக்கிட்டோம்.

அந்த ஞாயிறு வரல. வாரக் கடைசியில மெஷின்ல படுத்திருந்தவனுக்குக் காய்ச்சலும் நடுக்கமும் வந்து, அங்க இருந்து நேரா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. ஃபேக்டரிக்குப் போன் வந்துச்சு. ஃபேக்டரி அந்தக் கரையில; கடல் பாலத்தைத் தாண்டி நான் வந்து சேர்றதுக்குள்ள எனக்கு உயிர் போய் உயிர் வந்துச்சு. ரத்தத்துல கிருமி ஏறி, நெஞ்சும் தாங்கலன்னாங்க. மெஷின்ல போடவும் முடியாதுன்னாங்க. டாக்டர் ஏதேதோ இங்கிலீசுல பேசினார், நான் தலையை ஆட்டிக்கிட்டு நின்னேன். எனக்கு ஒண்ணும் ஏறல.

ஏறினது நர்ஸ் மிஸ்ஸி சொன்னதுதான். மலாய்க்காரப் பொண்ணு, சின்ன வயசு. கட்டிலுக்குப் பக்கத்துல நான் வழக்கம்போல அந்தச் சின்னப் போத்தலை வச்சிருந்தேன். அவ அதை எடுத்து ஓரமா வச்சுட்டு, என் தோள்ல கை போட்டு, அக்காங்கிறதுக்குக் காக்னு கூப்பிட்டு, மலாயில மெதுவாச் சொன்னா. “காக், இனிமே கணக்கு வேணாம். அவருக்கு என்ன குடிக்க ஆசையோ குடுங்க.”

இந்த வார்த்தை ஒரு நாள் காதுல விழாதான்னு எத்தனை வருசம் ஏங்கியிருப்பேன். விழுந்தப்ப, அவ ஓரமா வச்ச போத்தலை எடுத்து மறுபடி பழைய இடத்துலயே வச்சேன்.

தம்பிக்குக் கேட்டிருச்சு. கண்ணைத் தொறந்தான். “ஜாதிக்காய்த் தண்ணி”ன்னான். “ஐஸ் நெறய.”

ஓடினேன். லிஃப்ட் வரல, படியில ஓடினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடையில ஜாதிக்காய்த் தண்ணி, பெரிய கிளாஸ் அளவு, பிளாஸ்டிக் பையில கட்டி வாங்கினேன். கடைக்கார ஆன்ட்டி சிவப்புக் கயிறு கட்டிக் குடுக்கிறதுக்குள்ள நான் அவளைத் திட்டிட்டேன், பாவம். மேல வந்து, தலையைத் தூக்கிப் பிடிச்சு, ஸ்ட்ராவை வாயில வச்சேன். இழுக்க முடியல அவனால. கரண்டியில எடுத்து உதட்டுல விட்டேன். ஒரு கரண்டி இறங்கிச்சு. தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கிச்சு, நான் பாத்தேன். ரெண்டாவது கரண்டியை வாய்க்கிட்ட கொண்டு போனப்ப தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான்.

“போதும்க்கா”ன்னான்.

தண்ணியைப் பாத்து அவன் போதும்னு சொல்லி நான் கேட்டதே இல்ல. பிடி நழுவி, பை பூரா என் மடியில கொட்டிடுச்சு. அதுக்கப்புறம் அவன் வேற பேச்சு பேசல.

சித்தப்பா வந்தார். மனுசன் ரோசத்தை வீட்டுல விட்டுட்டு வந்து எல்லாத்தையும் தலைமேல போட்டுக்கிட்டுச் செஞ்சார். ஃபிளாட்டுக்குக் கீழ கூடத்துல நாக்காலி போட்டு, சாவுக்கு வந்தவங்களுக்கெல்லாம் பாக்கெட் தண்ணி குடுத்தாங்க. சோயா, லைச்சி. நடுவுல என் தம்பி உதடு காஞ்சு படுத்திருக்கான், சுத்தி உக்காந்து எல்லாரும் ஸ்ட்ரா போட்டு உறியிறாங்க. என் கையிலயும் ஒரு பாக்கெட்டைத் திணிச்சாங்க. அதைக் கடைசி வரைக்கும் கையில வச்சிருந்தேன், ஸ்ட்ராவைக்கூடப் பிரிக்கல.

பொம்பளைங்க சுடலைக்கு வர வேணாம்னாங்க. யார் பேச்சையும் கேக்காம வேன்ல ஏறி உக்காந்துட்டேன். அங்க சித்தப்பா மகன் தோள்ல தண்ணிக் குடத்தை வச்சுச் சுத்தி வந்தான். ஒவ்வொரு சுத்துக்கும் சித்தப்பா பின்னால இருந்து கத்தியால குடத்துல ஓர் ஓட்டை போட்டார். தண்ணி பீச்சிக்கிட்டு வந்துச்சு. நல்ல சுத்தமான தண்ணி. சிமெண்டுத் தரையில ஓடி, என் காலை நனைச்சுட்டு, காவாய்ல போய் எறங்குது. அத்தனை பேரும் அதைப் பாத்துக்கிட்டு நிக்குறாங்க. எனக்கு எங்க இருந்துதான் அந்தக் குரல் வந்துச்சோ.

“ஏன் கீழ விடுறீங்க? அவன் வாயில ஊத்துங்களேன்! இப்பயாவது ஊத்துங்களேன்!”

சித்தப்பா கத்தியோட அப்படியே நின்னார். என்னைப் பாத்தார். அப்புறம் கிட்ட வந்து, ஈரக் கையை என் தலை மேல வச்சார்.

“இதுக்காகத்தான் அன்னிக்குத் தண்ணி கலக்கலையாம்மா?”

நான் ஆமான்னு தலையாட்டினேன். குடம் உடைஞ்ச சத்தம் பின்னால கேட்டுச்சு.

காரியமெல்லாம் முடிஞ்சு சொந்தக்காரங்க போனப்புறம் மேசை அப்படியே இருந்துச்சு. பிரஷ் கழுவுற கிளாஸ்ல நான் கடைசியா விட்ட பச்சை அடியில படிஞ்சு, மேல தண்ணி தெளிஞ்சிருந்துச்சு. பக்கத்துல ரெசின் போத்தல் ரெண்டும் உடைக்காம இருந்துச்சு. ஓடை காஞ்சு கெடந்துச்சு. அந்த மேசையைக் கடந்துதான் நான் தினமும் வேலைக்குப் போகணும், வரணும். எத்தனையோ நாள் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனேன். இந்த வருசம் அவன் திவசத்துக்கு சித்தப்பாவும் சித்தியும் வர்றதாச் சொன்னாங்க. வர்றவங்களுக்கு சிரப் கலக்கலாம்னு போத்தலை எடுத்தவ, அதைக் கீழ வச்சுட்டு மேசைக்குப் போனேன்.

ரெண்டு போத்தலையும் தொறந்து, அவன் சொன்ன மாதிரி ஒரு கிளாஸ்ல சரிக்குச் சரி ஊத்தி, கரண்டியால கலக்கினேன். கரண்டி கிளாஸ்ல பட்டுச் சத்தம் வந்துச்சு. வரட்டும்னு விட்டேன். பச்சைப் பெயிண்ட் டப்பாவையும் எடுத்து மூடியைக் கழட்டிட்டேன். ஒரு சொட்டு விடணும்னு சொல்லியிருந்தான்ல. கையில அதைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன்.

அப்புறம் ஊத்தினேன். மெல்லிசா ஒரு தடவை இல்ல, காய வச்சு இன்னொரு தடவை இல்ல. இருந்ததை மொத்தமா ஊத்தினேன். ஓடை ரொம்பிச்சு. முகம் கழுவுறவன் கை முங்கிச்சு, டேங்க் மூக்கு முங்கிச்சு, கரை தாண்டி, குடிக்கிறவன் முட்டி வரைக்கும் ஏறி, பலகை விளிம்புல வழிஞ்சு மேசையில சொட்டிச்சு. சூடேறிச்சு, ஒரு மூலையில படக்குன்னு விரிசல் விட்டுச்சு. வழிஞ்சது வழிஞ்சபடியே இறுகி இன்னும் தொங்குது. வேலை தெரிஞ்சவங்க பாத்தா கெடுத்துட்டேன்னு சொல்வாங்க. சொல்லட்டும்.

குடிடா. கணக்கு வேணாம். பச்சை விடல.